கல்லாங்குத்து என்று எழுதி என் மலையைத் தின்றார்கள்

எங்கள் ஊரில் பொழுது இப்போது கால் மணி நேரம் பிந்திச் சாய்கிறது.

நம்பாதவர்கள் மேலூர்ப் பக்கம் வந்து பாருங்கள். முன்பெல்லாம் சாயங்காலச் சூரியன் கரட்டின் தோளில் இறங்கத் தொடங்கும்போதே அதன் நிழல் புறப்பட்டுவிடும். கண்மாயைத் தாண்டி, களத்துமேட்டைத் தாண்டி, அது எங்கள் வீட்டுத் திண்ணையில் ஏறும் நேரத்துக்கு என் அப்பத்தா விளக்குப் பொருத்துவாள். கடிகாரம் பார்க்கத் தெரியாதவள். கரட்டு நிழல்தான் அவளுக்கு மணி. இன்று அதே திண்ணையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மறிக்க ஆளில்லாத வெயில் மொட்டையாக வந்து முகத்தில் அடிக்கிறது. மலை இருந்த இடம் வழியாக வருகிற வெயில் அது.

நான் ஓவியன். சரியாகச் சொன்னால், ஒரே ஒரு மலையை நாற்பது வருடம் வரைந்தவன். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். பெரிய கண்காட்சி எதுவும் வைத்ததில்லை, பரிசு வாங்கியதில்லை. பீரோவின் மேலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கிற காகிதங்களில் எல்லாம் அந்த மலைதான். இதை எழுத உட்கார்ந்தது கலையைப் பற்றிப் பேச இல்லை. வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் மலைக்குப் பெயர் கிடையாது. கரடு என்போம், அவ்வளவுதான். "ஆடு கரட்டுப் பக்கம் போயிருச்சு." "கரட்டுல மழை எறங்கிருச்சு, துணிய எடு." ஊருக்கு இருப்பதே ஒன்று என்றால் அதற்குப் பெயர் எதற்கு? பெற்ற தாயைப் பெயர் சொல்லியா கூப்பிடுகிறோம்? அரசாங்கத்தின் அ-பதிவேட்டில் மட்டும் அதற்கு ஒரு புல எண்ணும், அதற்கு எதிரே ஒரு சொல்லும் இருந்தன. கல்லாங்குத்து. கல் குத்திட்டு நிற்கிற நிலம். ஏர் ஓடாது, தீர்வை வராது என்று அர்த்தம். எந்தக் காலத்திலோ ஒரு கணக்கர் மைக்கூட்டில் பேனாவைத் தொட்டு எழுதிப் போன சொல். பிற்பாடு நடந்தது எல்லாம் அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தது. ஆகாதது என்று எழுதியாயிற்று. ஆகாததை எடுத்தால் யாருக்கு நட்டம்?

எனக்கு நட்டம். அதைச் சொல்லத்தான் இத்தனை வருடமாக ஒரு காது தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்க அய்யா கல் வேலைக்காரர். அம்மி, ஆட்டுக்கல், நிலைப்படி, வரப்புக்கு எல்லைக்கல் என்று கரட்டின் அடிவாரத்தில்தான் அவர் பிழைப்பு. ஆகவே மலையை வெட்டவே கூடாது என்று பேசுகிற சாதுவல்ல நான். வெட்டிய கூலியில் சோறு தின்று வளர்ந்தவன். ஆனால் அவர் வெட்டிய விதம் வேறு. அடிவாரத்தில் கன்னிமார் என்று ஏழு கல் நிறுத்தியிருப்போம். அங்கே சூடம் கொளுத்தாமல் உளியைத் தொட மாட்டார். பாறையைத் தட்டிப் பார்த்துக் காதை வைப்பார். "கல்லுக்கு வாட்டம் இருக்குடா. வாட்டம் பாத்து அடிச்சா அதுவாப் பொளக்கும். பாக்காம அடிச்சா நம்ம கைதான் பொளக்கும்" என்பார். வரிசையாகக் குழி அடித்து, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வருவார். கடைசியில் ஒரு சத்தம் வரும், பெருமூச்சு மாதிரி. கல் விட்டுக்கொடுக்கிற சத்தம். நாற்பது வருடம் அவர் எடுத்த கல்லையெல்லாம் அடுக்கினாலும் ஒரு வீட்டுக் கொல்லையில் அடங்கும். மலை அதை உணர்ந்திருக்கவே மாட்டாது.

நான் கோடு போடக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். அவர் கல்லில் வாட்டம் தேடினார், நான் காகிதத்தில் தேடினேன்.

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படிக்கப் போனபோதுதான் எனக்கு என்ன வியாதி என்று தெரிந்தது. காவிரிக் கரை. கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. கூடப் படித்தவர்கள் அந்தப் பச்சையில் மயங்கிக் கிடந்தார்கள். எனக்கு மூச்சு முட்டியது. எந்தத் திசையில் திரும்பினாலும் பார்வை போய்க்கொண்டே இருந்தது. முட்டி நிற்க ஓர் இடம் இல்லை. முதுகு சாய்க்கச் சுவர் இல்லாத வீட்டில் குடியிருப்பது போல. விடுமுறைக்கு ஊர் வரும்போது, பேருந்து ஜன்னலில் மேலூர்ப் பக்கத்துக் குன்றுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அப்போது தொண்டையில் ஏதோ இறங்கும். இருபது வயதில் அதற்குப் பெயர் தெரியவில்லை. இப்போது தெரியும், அது சாமி கும்பிடுவது.

கல்லூரி நூலகத்தில் பால் செசானின் படப் புத்தகம் கிடைத்தது. பிரான்ஸின் தெற்கே எக்ஸ் ஆன் புரோவான்ஸ் அவர் பிறந்த ஊர். ஊருக்குக் கிழக்கே சாந்த் விக்துவார் மலை. எண்ணெய் வண்ணத்திலும் நீர்வண்ணத்திலுமாக அந்த ஒரே மலையை எண்பது தடவைக்கு மேல் வரைந்தார் மனிதர். 1906 அக்டோபரில் வெளியே வரைந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நனைந்து, மயங்கி விழுந்து, ஒரு வாரத்தில் செத்துப்போனார். அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் அழுதேன். உலகத்தில் என்னைப் போல இன்னொரு கிறுக்கன் இருந்திருக்கிறான் என்ற சந்தோஷம்.

அந்தப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. அவர் ஊருக்குப் பக்கத்திலும் ஒரு கல்குவாரி. பிபேமுஸ் என்று பெயர். அந்த ஊர்க் கட்டடங்களுக்கு மஞ்சள் கல் எடுத்த இடம். செசான் காலத்தில் வேலை நின்று போன குவாரி. அதற்குள் உட்கார்ந்து, வெட்டுப்பட்ட காவிப் பாறைகளையும் அவற்றுக்கு மேலே எழும் மலையையும் சேர்த்து வரைந்திருக்கிறார். ஊர் வீடு கட்டக் கல் எடுத்தது, மலையை விட்டுவைத்தது. எங்க அய்யாவும் அப்படித்தான். கை வேலைக்கு ஓர் அளவு உண்டு, கை வலிக்கும். இயந்திரத்துக்கு வலிக்காது.

ஒரு மலையைத் தினமும் பார்ப்பது என்றால் என்னவென்று சொல்லட்டுமா? காலை ஆறு மணிக்கு எங்கள் கரடு ரோஜா நிறத்தில் இருக்கும். ஏழுக்குள் வெளுத்துவிடும். உச்சிப் பொழுதில் ஆழமெல்லாம் வற்றி, கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். அந்த நேரம் அதை வரையக் கூடாது, தூங்குகிறவரை எழுப்புவது போல. ஐப்பசி மழையில் யானைக் கறுப்பு. மழை விட்டுப் பத்து நிமிடத்துக்குப் பாறை நெடுகிலும் வெள்ளிக் கோடாகத் தண்ணீர் இறங்கும். அந்தத் தண்ணீர்தான் எங்கள் கண்மாய். பாறைச் சாம்பலுக்கு என்று கடையில் ஒரு வண்ணமும் கிடைக்காது. பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரைன் நீலத்தைத் துளித் துளியாகச் சேர்த்தால் ஒரு சாம்பல் வரும். மண்ணின் சிவப்பும் வானத்தின் நீலமும் சண்டையை நிறுத்திக்கொண்ட நிறம் அது. அந்தச் சேர்மானத்தைப் பிடிக்க எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. பிடித்த அன்று அடிவாரத்துக்குப் போய்க் கன்னிமாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

மார்கழியில் மூடுபனி இறங்கினால் கரடு காணாமல் போகும். அப்போது நான் பதறியதே இல்லை. எட்டு மணிக்குத் திரும்ப வந்துவிடும் என்று தெரியும்.

முதல் வேட்டுச் சத்தம் கேட்டபோது கோயில் திருவிழா வெடி என்றுதான் நினைத்தோம்.

சாலை போட்டார்கள். டிரில் மிஷின் வந்தது, கிரேன் வந்தது. பாறைக்குள் துளை போட்டு வைரக் கம்பியைக் கோத்து, தண்ணீரை ஊற்றிக்கொண்டே அல்வாத் துண்டு போடுவதுபோல மலையை அறுத்தார்கள். ஒரு கன மீட்டர் கல் ஏறத்தாழ 2.7 டன். ஒவ்வொரு பாளத்தின் மேலும் சிவப்புப் பெயின்ட்டில் எண் போட்டார்கள். ராத்திரி பகல் லாரி. என் மலையின் மேல் கடைசியாக வண்ணம் பூசியவன் நானல்ல. அந்த எண் போட்டவன்தான்.

அந்தக் கல்லுக்கு வெளிச் சந்தையில் என்ன பெயர் தெரியுமா? காஷ்மீர் ஒயிட். மேலூர் மண்ணில் 50 கோடி வருடத்துக்கு மேல் கிடந்த பாறைக்குக் காஷ்மீரின் பெயர். எங்கேயோ ஒரு சமையலறை மேடையாக, ஏதோ ஒரு விமான நிலையத் தரையாக அது கிடக்கிறது. அதன் மேல் நடக்கிறவனுக்கு மேலூர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. மலையைத்தான் கொண்டுபோனீர்கள், பிறந்த ஊரின் பெயரையாவது அதோடு அனுப்பியிருக்கக் கூடாதா?

எடுத்த கல்லில் பெரும்பகுதி பாளத்துக்கு ஆகாது. விரிசல், கறை என்று கழித்துவிடுவார்கள். கழித்ததையெல்லாம் கண்மாய் ஓடையை ஒட்டிக் கொட்டினார்கள். கொட்டக் கொட்ட அது உயர்ந்தது. மலை இருந்த இடத்தில் குழி. ஓடை இருந்த இடத்தில் மலை. அந்தக் கழிவு மேட்டில் ஒரு புல் முளைக்கவில்லை. கரட்டின் உச்சியில், பாறைப் பிளவில் ஒரு பிடி மண்ணும் இல்லாமல் நின்ற இச்சி மரம் என்னவாயிற்று என்று கேட்டேன். "எந்த மரம் சார்?" என்றார்கள்.

இனி சொல்லப்போவது என் வெட்கம். அதையும் சொல்லாமல் இந்தக் குமுறல் முழுசாகாது.

வெட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "சார், நம்ம மலையை ஒரு படம் போட்டுக் குடுங்க. ஆபீஸ்ல மாட்டணும். ஆறடிக்கு நாலடி." நம்ம மலை என்றார். அப்போது கரட்டின் தெற்குத் தோள் ஏற்கெனவே போயிருந்தது. "இப்ப இருக்கிற மாதிரி வேணாம் சார். முழுசா இருக்கிற மாதிரி போடுங்க."

மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம். போட்டுக் கொடுத்தேன். தெற்குத் தோளை மனதிலிருந்து எடுத்து வரைந்தேன். ஒரு கோடு பிசகவில்லை. கையைத்தான் நொந்துகொள்கிறேன், அதற்கு அவ்வளவு ஞாபகம். களவு கொடுத்தவனே களவாடியவனுக்கு அந்தப் பொருளின் படத்தை எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். அந்தப் பணத்தை எண்ணும்போது அய்யா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் தேவலை.

பிறகுதான் மனு எழுதினேன். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்பது வேண்டாம். மனு வாங்குகிற ஒரு திங்கட்கிழமை. கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். கையில் மூன்று படம். கரடு முழுசாக இருந்தபோது வரைந்தது, பாதியாக இருந்தபோது வரைந்தது, இப்போது வரைந்தது. அதிகாரி கெட்டவர் இல்லை. படங்களை நிதானமாகப் பார்த்தார்.

"அருமையா இருக்கு சார். சரி, உங்களுக்கு என்ன பாதிப்பு?"

"மலையக் காணோம் சார்."

"அது தெரியுது. உங்க பட்டா நிலம் பக்கத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"வீட்டுச் சுவர்ல விரிசல்? தூசியில உடம்புக்கு ஏதாச்சும்?"

"வீடு ஒரு கிலோமீட்டர் தள்ளி சார்."

"அப்ப உங்களைப் பாதிக்கப்பட்டவர்னு எழுத முடியாதே சார்." கொஞ்சம் யோசித்தார். முதல் படத்தைத் திருப்பிப் பார்த்தார். "இது எப்ப வரைஞ்சது? தேதி இல்லையே. இதை ஆதாரமாவும் எடுத்துக்க முடியாது."

தேதி இல்லை. நான் போட்டதே இல்லை. ஆளை வரைந்தால் தேதி போடுவேன், ஆளுக்கு வயதாகும். மலைக்கு எதற்குத் தேதி? இன்றைக்கு இருக்கிறது நாளைக்கும் இருக்கத்தானே போகிறது என்று, நாற்பது வருடம், ஒரு காகிதத்தின் மூலையில்கூட ஒரு தேதி போடாமல் இருந்துவிட்டேன்.

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி புலம் அரசு புறம்போக்கு, கல்லாங்குத்து என்பதாலும், மனுதாரருக்கு அதில் உரிமை ஏதும் இல்லை என்பதாலும், மனு ஏற்புடையதல்ல.

உரிமை இல்லையாம். பிறந்த நாளிலிருந்து நான் பார்த்தது எனக்கு உரிமை இல்லை. கண்மாய்க்குத் தண்ணீர் தந்தது ஊருக்கு உரிமை இல்லை. நிழலைத் திண்ணைக்கு அனுப்பி என் அப்பத்தாவை விளக்கேற்றச் சொன்னது அவளுக்கு உரிமை இல்லை. நேற்று வந்து குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவனுக்கு உரிமை.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். தமிழ்நாடு சிறுகனிம சலுகை விதிகள், 1959. சிறுகனிமம்! ஒரு மலைக்கு அரசாங்கம் வைத்த பெயர் சிறுகனிமம். குடியிருப்புக்கு 300 மீட்டருக்குள் குவாரி கூடாதாம். எங்கள் வீடு அதற்கு அப்பால். என் கண் 300 மீட்டரோடு நின்றுவிடும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? வீட்டுக்கு எல்லை போட்டார்கள், காதுக்கும் மூக்குக்கும்கூடப் போட்டார்கள். பார்வைக்கு ஒரு முழம் இடம் விடவில்லை.

எங்கள் வட்டாரத்தில் தப்பித்த மலைகள் உண்டு. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. கீழவளவில் சமணர் படுக்கைகளும் கல்வெட்டும் இருக்கின்றன. அந்தக் குன்றைச் சுற்றித்தான் எத்தனை குவாரிகள்! யானைமலையில் நரசிங்கம் குடைவரை. அந்த மலையையே சிற்ப நகரமாக்கப் போகிறோம் என்று 2010 வாக்கில் பேச்சு வந்தபோது சனங்கள் எழுந்து நின்று தடுத்தார்கள். அரிட்டாபட்டியில் கல்வெட்டு, பாண்டியர் குடைவரை, பாறை இடுக்கில் லகர் வல்லூறு. எல்லாம் சேர்ந்து 2022 நவம்பரில் அந்த 193 ஹெக்டேர் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று.

அவை பிழைத்ததில் எனக்குப் பொறாமை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். எழுத்து இருந்தால்தான் மலையா? சாமி இருந்தால்தான் மலையா? அபூர்வப் பறவை முட்டை இட்டால்தான் மலையா? எங்கள் கரட்டில் எந்த ராஜாவும் பெயர் வெட்டவில்லை. எந்தத் துறவியும் படுக்கவில்லை. காக்கையும் கழுகும் ஓணானும்தான் இருந்தன. வெறும் மலை. வெறும் மலையாக இருந்ததே அது செய்த குற்றமா? தமிழ்நாடு முழுக்க இப்படிப் பெயரில்லாத, எழுத்தில்லாத, வெறும் மலைகள்தானே அதிகம்? அவற்றுக்காக வாதாட எந்தக் கல்வெட்டு வரும்?

2012 மே மாதம் அப்போதைய மாவட்ட ஆட்சியர் சகாயம் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். மதுரை மாவட்டக் கிரானைட் குவாரிகளால் அரசுக்கு இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல். நாடே வாயைப் பிளந்தது. குவாரிகள் மூடப்பட்டன. 2014ல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு நவம்பரில் அந்த அறிக்கையும் போய்ச் சேர்ந்தது. அந்த மனிதருக்கு நான் கைகூப்புகிறேன். ஆனால் அந்தத் தொகையைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. அது அரசுக்கு வராமல் போன பணம். பணத்தை ஒழுங்காகக் கட்டியிருந்தால் என் மலையை வெட்டியது சரியாகிவிடுமா? களவாக வெட்டினாலும் கணக்காக வெட்டினாலும் என் திண்ணையில் அடிக்கிற வெயில் ஒன்றுதான்.

பள்ளியில் நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் தெரியுமா? இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் தமிழ்நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே படம்தான் போடும். இரண்டு முக்கோணம். நடுவில் பாதிச் சூரியன், குச்சி குச்சியாகக் கதிர். கீழே வளைந்து வரும் ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. வானத்தில் நாலு வளைவுக் காக்கை. நான் அந்தத் தாளைப் பிடுங்கி ஜன்னலைத் திறப்பேன். "அங்க பாருடா. நம்ம கரடு முக்கோணமாவா இருக்கு? முதுகு எங்க ஒடியுது பாரு. தோள் எங்க எறங்குது பாரு. பாத்துப் போடு." இரண்டே வாரத்தில் பிள்ளைகள் மலையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். மலையைப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு மனிதனைப் பார்க்கவும் தெரியும்.

பணியின் கடைசி வருடங்களில் ஜன்னலைத் திறந்தால் செங்குத்தாக அறுத்த ஒரு வெள்ளைச் சுவரும் கழிவு மேடும்தான் தெரிந்தன. ஒரு பையன் இரண்டு முக்கோணம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தான். "பார்த்துப் போடு" என்று சொல்ல வாய் எடுத்தேன். எதைப் பார்க்கச் சொல்வேன்? "நல்லா இருக்கு" என்று சொல்லி மதிப்பெண் போட்டுக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் தோற்ற நாள் அதுதான்.

2024 நவம்பரில் அரிட்டாபட்டியையும் சேர்த்து 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போய்விட்டது என்று செய்தி வந்தது. மேலூர் வட்டாரமே எழுந்தது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கில் மதுரையை நோக்கி நடந்தார்கள். நானும் நடந்தேன். எல்லோர் கையிலும் தட்டி. என் கையில் கரட்டின் படம். பக்கத்தில் வந்த ஒரு பையன், மீசை இப்போதுதான் அரும்புகிறது, படத்தை எட்டிப் பார்த்தான்.

"தாத்தா, இது எந்த ஊரு மலை?"

"நீ எந்த ஊருப்பா?"

சொன்னான். எங்கள் ஊர்தான்.

ஜனவரி 23ஆம் தேதி ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. வெடி வெடித்தார்கள், இனிப்புக் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன். மனம் நிறைந்ததும் உண்மை, இரவு தூக்கம் வராததும் உண்மை. இந்தச் சனம் இருபது வருடத்துக்கு முன்னால் இப்படி எழுந்திருந்தால்? ஏன் எழவில்லை? நான் ஏன் எழவில்லை? படம் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பக்கத்தில்தான் பிரான்மலை. பாரியின் பறம்பு மலை அதுதான் என்பார்கள். மூவேந்தர் சூழ்ச்சியில் பாரி மாண்டான். மகளிர் இருவரும் குன்றைப் பிறர் கொண்டார்கள் என்று அழுதார்கள். இரண்டாயிரம் வருடமாக நாமும் அவர்களோடு அழுகிறோம். ஆனால் அந்தப் பெண்கள் திரும்பிப் பார்த்தபோது குன்று அங்கே நின்றது. இன்றும் நிற்கிறது. ஆர்மீனியர்களின் அரராத் மலை எல்லைக்கு அப்பால் துருக்கியில் இருக்கிறது. ஆனால் யெரெவான் நகரத்து மாடியில் நின்றால் தெரியும். சர்யான் என்ற ஓவியர் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். மலையைப் பறிகொடுத்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர். பறித்தவன் மலையை நிற்க வைத்துவிட்டுத்தான் பறித்தான். நிலத்தைப் பிடித்த எந்த ராஜாவும் அடிவானத்தைப் பெயர்த்துக்கொண்டு போனதில்லை. எங்கள் காலத்தில்தான் அதுவும் நடந்தது.

மார்கழி மூடுபனியில் மட்டும் எனக்கு இப்போதும் ஒரு நிம்மதி. பனிக்குப் பின்னால் அது இருப்பதாக நினைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் யாரும் என்னிடம் பேச மாட்டார்கள். எட்டு மணிக்குப் பனி விலகும்.

நான் கேட்பது நட்டஈடு இல்லை. அ-பதிவேட்டில் கல்லாங்குத்து என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடுங்கள். இந்தக் குன்று எந்த ஊர்த் திண்ணையிலிருந்து தெரிகிறது என்று அதில் எழுதுங்கள். குத்தகை கொடுக்கும் முன் அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்திருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பட்டா இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கண் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அரசாங்கம் இதைச் செய்யும் என்று நான் காத்திருக்கவில்லை. படிக்கிற உங்களிடம்தான் சொல்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு கரடு இருக்கும். பெயர் இல்லாமல், சாமி இல்லாமல், வெறுமனே இருக்கும். இன்று சாயங்காலம் உங்கள் வாசலில் நின்று அதைப் பாருங்கள். வரையத் தெரிந்தால் வரையுங்கள். தெரியாவிட்டால் கையில் இருக்கிற போனில் ஒரு படம் எடுங்கள். உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் முதுகு எங்கே ஒடிகிறது, தோள் எங்கே இறங்குகிறது என்று காட்டுங்கள்.

மறக்காமல் அதில் தேதி போடுங்கள்.